பின்சக்கரமும் என் எடையும்

என் எடையால்தான் கார் உரசுகிறது என்று எங்கள் வீட்டில் பதினோரு வாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முகத்துக்கு நேராக ஒருவரும் சொல்லவில்லை. நான் அடுப்படியில் இருக்கும்போது கூடத்தில் பேசுவார்கள், நான் கூடத்துக்கு வந்தால் பேச்சு மழையைப் பற்றிப் போய்விடும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மஞ்சக்குப்பத்தில் என் ஒரே பெண் வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கார் மாப்பிள்ளையுடையது. அவருக்கு பிளைவுட் கடை. நல்ல மனுஷர், குடி கிடையாது, ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது. ஆனால் கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவரும் நானும் நேருக்கு நேர் நின்று பேசியது இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. மாமியார் மாப்பிள்ளை முன்னால் நின்று வாயாடக் கூடாது என்று என்னை வளர்த்தார்கள், எனக்கும் இயல்பிலேயே கூச்சம். நான் பக்கத்தில் நிற்கும்போதே அவர் என் பெண்ணிடம், "அத்தை சாப்டாங்களா?" என்று கேட்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாப்டாச்சுன்னு சொல்லு" என்பேன். என் பெண் நடுவில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லமாட்டாள், இரண்டு பேருக்கும்தான் காது கேட்கிறதே. இப்படியே காலம் ஓடிவிட்டது.

அதனால் காரில் என் இடம் எப்போதும் பின்னால், இடது பக்கம். முன்னால் அவர் பக்கத்தில் என் பெண். என் பக்கத்தில் பேத்தி.

சிதம்பரத்தில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். போன வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள். அதிலிருந்து கட்டிலும் நாற்காலியும்தான். மகனுக்கு வெளியூரில் வேலை. மருமகள் கீரப்பாளையத்தில் பள்ளிக்கூட டீச்சர். அந்தப் பெண் சோறு, மருந்து, துணி எதிலும் குறை வைக்கவில்லை, அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அக்காவின் தலைமுடியை அவளால் கவனிக்க முடியவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் அக்காவுக்கு இடுப்பைத் தொடும் முடி. வெள்ளையாகிவிட்டதே தவிர அடர்த்தி குறையவில்லை. படுத்தே இருப்பதால் பின்மண்டையில் சிக்கு விழும். எண்ணெய் வைத்து, ஒவ்வொரு சிக்காகப் பிரித்து, சீயக்காய் போட்டு அலசி, காயவைத்துப் பின்னிவிட வேண்டும். முழுசாக மூன்று மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போய்ச் செய்துகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் வேலை உண்டு. அங்கே இருக்கிற தச்சு வேலைக்காரர்களைப் பார்த்து ஆர்டர் எடுப்பார். என்னை அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனால் நாலு மணிக்கு வந்து வாசலில் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். நான் ஓடிவந்து ஏறிக்கொள்வேன். ஒரு வருஷமாக இது தடையில்லாமல் நடந்தது, அந்தச் சக்கரம் வரும்வரை.

மாப்பிள்ளை ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் யாரோ ஒரு பங்காளியின் காரைப் பார்த்திருக்கிறார். அதில் பளபளவென்று அகலமான அலாய் வீல். அந்த வாரமே திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்குப் போய் நான்கு சக்கரத்தையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். காரோடு வந்த சக்கரங்களை மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போட்டு மூடிவைத்தார்கள். புதுசு நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். டயர் பட்டையாக, மட்கார்டுக்குச் சமமாக வெளியே வந்து நின்றது. அவர் இரண்டு நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கிளம்பினோம். செம்மங்குப்பம் நெருங்கினால் கண்ணாடியை ஏற்றிவிடுவது எங்களுக்குக் கை தானாகச் செய்கிற காரியம். தொழிற்சாலைப் பக்கம், எந்த நாளில் என்ன வாடை வரும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கும் ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது, நான்கு கண்ணாடியையும் ஏற்றினோம். நாற்றம் குறையவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "இன்னிக்கு காத்து இந்தப் பக்கம் போல" என்றாள் என் பெண். ஆலப்பாக்கம் தாண்டியும் நாற்றம் இருந்தது. புதுச்சத்திரத்திலும் இருந்தது. இவ்வளவு தூரம் எப்படி வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் கர்ரென்று ஒரு சத்தம், டிக்கியில் எண்ணெய் டப்பா உருளுகிறது என்று நினைத்துக்கொண்டோம். கண்ணாடியை இறுக்க மூடிக்கொண்டு, அந்தத் தொழிற்சாலைக்காரர்களை வாயார வைதுகொண்டே பத்து மைலுக்கு மேல் போயிருப்போம்.

டீ குடிக்க நிறுத்தின இடத்தில் பேத்திதான் இறங்கிப் பார்த்தாள். என் பக்கத்துப் பின் டயர் ஓரத்தில் சீவிவிட்ட மாதிரி ஒரு கோடு. தொட்டால் சுட்டது. டயர் மட்கார்டின் உள் விளிம்பில் உரசிக் கருகிக்கொண்டு வந்திருக்கிறது. ஊரான்மேல் பழி போட்டுவிட்டு எங்கள் நாற்றத்தை நாங்களே மூடிவைத்து முகர்ந்துகொண்டு வந்திருக்கிறோம்.

மறுநாள் மாப்பிள்ளை அந்தச் சக்கரக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஏறி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேடு பள்ளத்தில் ஓட்டிக் காட்டினாராம். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்துகொண்டு பின்னால் உரசவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். பின்னால் ஜாஸ்தி வெயிட் ஏறினால் மட்டும் உரசும் சார், ஒன்றும் பயமில்லை என்றார்களாம்.

அந்த ஜாஸ்தி வெயிட் நான்தான் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். சனிக்கிழமை மாப்பிள்ளை ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் என்று ஒன்றைச் சொருகிக்கொண்டு வந்தார். பின்பக்கம் கொஞ்சம் தூக்கி நின்றது. ஞாயிற்றுக்கிழமை அதில் சிதம்பரம் போனேன். ஸ்பிரிங் என்பது அமுங்குவதற்குத்தானே. அது அமுங்காதபடி ரப்பரை அடைத்துவிட்டதால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் என் முதுகுத்தண்டில் ஏறியது. அப்படியும் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது கர்ரென்று சத்தம் வந்தது. மாப்பிள்ளை கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, நான் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், மூச்சைப் பிடித்தால் எடை குறைந்துவிடும் என்பதுபோல.

அன்று ராத்திரி என் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையணை உறையை மடித்தபடியே பேசினாள்.

"கொஞ்ச நாளைக்கு நீ கார்ல வர வேணாம்மா. சக்கரம் செட் ஆவட்டும்."

"உங்க வூட்டுக்காரரு சொன்னாரா?"

"அவுங்க எங்க சொன்னாங்க. வண்டி உக்காருதுன்னாங்க, அவ்ளோதான்."

"வண்டி உக்காருதா, நான் உக்கார்றனா?"

அவள் உறையை மடித்து முடித்தாள். பிறகு, "வேணும்னா நீ முன்னால உக்காரு, நான் பின்னால போறேன்" என்றாள். நான் எப்படி மாப்பிள்ளை பக்கத்தில் தோளோடு தோள் உட்காருவேன்? கூடத்தில் இருந்த அவருக்கு இது காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது, இருமிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். அவருக்கும் கூச்சம்தான். தவிர, என் பெண் என்னைவிடக் கனம். அவள் பின்னால் வந்தால் மட்டும் சக்கரம் உரசாதா? இதைக் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. பெற்ற பெண்ணை எப்படிக் கேட்பது.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனபோது அங்கே இருந்த எடை மிஷினில் ஏறிப் பார்த்தேன். அறுபத்தொன்று. மாப்பிள்ளை தொண்ணூறுக்குக் குறையமாட்டார். அதோடு டிக்கியில் எப்போதும் சாம்பிள் புத்தகங்கள் கிடக்கும், மைக்கா தகடுகளை அடுக்கிக் கைப்பிடி போட்டு வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து வீட்டுக்குள் வைக்க நானும் பேத்தியும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி ஆறோ ஏழோ டிக்கியில் கிடந்தன. அவற்றை இறக்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் இறங்கச் சொல்லி உத்தரவு.

பழைய சக்கரத்தையே மாட்டிவிடலாமே என்று ஒருநாள் என் பெண்ணிடம் சொன்னேன். "அவுங்க ஆசைப்பட்டு போட்டதும்மா" என்றாள். வாடகைக் கார் வைத்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டு வாசலில் கார் நிற்கும்போது மாமியார் வாடகைக் காரில் போனால் நாலு பேர் அவரைத்தானே கேவலமாகப் பேசுவார்கள் என்றாள். அவர் மரியாதையையும் பார்க்க வேண்டும், அவர் ஆசையையும் பார்க்க வேண்டும். அங்கே ஒருத்தி தலையில் சிக்கோடு கிடக்கிறாளே என்பது அவ்வளவு பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை.

பஸ்ஸில் போய்விடலாம் என்று ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முதல் படியில் வலது காலை வைத்தேன். இடது முட்டி எழும்பவில்லை. மேலே இருந்த ஒரு பெண் கையைக் கொடுத்தாள், கீழே இருந்தவர்கள் சீக்கிரம் ஏறுங்க என்றார்கள். ஏற முடியாமல் காலை எடுத்துக் கீழே வைத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து கோயிலுக்குப் போனேன் என்று பொய் சொன்னேன்.

இப்படி ஒன்பது ஞாயிறு போனது. ஒவ்வொரு ஞாயிறும் கார் சிதம்பரத்துக்குப் போனது, என் பெண் போனாள், பேத்தி போனாள். அக்கா வீட்டுக்குப் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். என் பெண் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவாள், பழம் போய்ச் சேர்ந்தது. நான் மட்டும் வாசல் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வருவேன்.

பத்தாவது வாரம் வெள்ளிக்கிழமை அக்காவின் மருமகள் போன் செய்தாள். குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"சித்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. அத்தை தலை முழுக்க சடையா போச்சு. சீப்பு எறங்க மாட்டேங்குது. வர்ற ஞாயித்துக்கெழம நீங்க வந்தா பாருங்க. இல்லன்னா திங்கக்கெழம ஆள வரச்சொல்லி வெட்டிடலாம்னு இருக்கோம்."

"வெட்டாத. நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன். எதில் வருவேன் என்று எனக்கே தெரியாது. அந்த முடியை எட்டு வயதில் பிடித்துப் பார்த்து, எனக்கு ஏன் இப்படி இல்லை என்று அழுதவள் நான். ஒரு டயரை வெளியே தள்ளிவைத்து அழகு பார்ப்பதற்காக அதை வெட்டி முறத்தில் அள்ளிப் போடப் போகிறார்கள். அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசாமல் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்காரி தேய்த்துவைத்த பாத்திரங்கள்.

சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளை மறுபடியும் சக்கரக் கடைக்குப் போகப்போகிறார் என்று பேச்சு வந்தது. ஸ்டியரிங் ஆடுகிறதாம். அவர் சட்டை மாற்ற உள்ளே போன நேரத்தில் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, காரின் பின்கதவைத் திறந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.  அவர் வந்து முன்கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ஒன்றும் கேட்காமல் உள்ளே திரும்பிப் போனார். என் பெண் வந்தாள்.

"எங்கம்மா போற?"

"சக்கரக் கடைக்கு."

"அங்க ஒனக்கு என்ன வேல?"

"எங் கனத்தால உரசுதுன்னு சொல்றீங்க இல்ல. கனத்த அந்த ஆளு பாக்கட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. அவர் வந்து வண்டியை எடுத்தார்.  வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்னால் கர் கர் என்று உரசியது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் கூசிப்போவேன். அன்றைக்கு இன்னும் நன்றாக உரசட்டும் என்று இருந்தது.

கடையில் சுவர் முழுக்கச் சக்கரங்களை மாட்டிவைத்திருந்தார்கள். கடைக்காரர் முப்பத்தைந்து வயது இருப்பார், காதில் ஏதோ சொருகிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பற்றிச் சொன்னார். உரசலைப் பற்றிச் சொல்லவே இல்லை. கடைக்காரர் பின்கதவைத் திறந்து, "எறங்குங்க பாட்டிம்மா, உள்ள ஏசி ரூம்ல உக்காருங்க. ஜாக்கி போடணும்" என்றார்.

நான் இறங்கவில்லை. வெளியாள் முன்னால் பேச எனக்கு நாக்கு எழும்பாது. மடியில் இருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே சொன்னேன்.

"நான் எறங்கினா சத்தம் வராது தம்பி. நான் உக்காந்திருக்கும்போதே பாரு."

"ஆள் உள்ள இருந்தா நாங்க வேல பாக்க மாட்டோம்மா."

"ஆள் உள்ள உக்கார்றதுக்குத்தான தம்பி வண்டி. காலி வண்டிய ஓட்டிப்பாத்துட்டு நல்லாருக்குன்னு எப்படி சொன்ன?"

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த சக்கரங்களைப் பார்த்தார். கடையில் டிங்கர் வேலை செய்கிற ஒருவர் ஒரு பக்கம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர்தான் சிரித்துக்கொண்டே வந்து, ஈரக் கையோடு என் பக்கத்துச் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். "வெரலு பூரல" என்றார். முன்சக்கரத்தில் விட்டுப் பார்த்தார், நுழைந்தது. தலையைச் சாய்த்துச் சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பின்னால ரெண்டு பக்கமும் ஸ்பேசர் போட்டிருக்கு. அப்பறம் எப்படி உரசாம இருக்கும்?"

அது என்ன என்று நான் கேட்டேன். கோபத்தில் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. சக்கரத்துக்கும் அதை மாட்டுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு விரல் தடிப்புக்கு வட்டத் தட்டு ஒன்று வைத்திருக்கிறார்களாம். சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த அது. பின்னால் ஆள் ஏறி வண்டி அமுங்கினால் மட்கார்டின் விளிம்பு கீழே இறங்கும், வெளியே தள்ளி நிற்கிற டயரின்மேல் உட்காரும். அந்தத் தட்டு இல்லாவிட்டால் டயர் ஒரு விரல் உள்ளே போய்விடும், விளிம்பு இறங்கினாலும் இடிக்காது. ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே புரிந்துவிட்டது.

"இத ஏம்ப்பா வச்ச?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"நான் எங்கம்மா வச்சேன். சார்தான் வெளிய தெரியற மாதிரி வேணும்னு கேட்டு வாங்கிப் போட்டாரு. கேட்டு போட்டவர்கிட்ட கழட்டுங்கன்னு நான் எப்படி சொல்றது?"

 பதினோரு வாரம். மாப்பிள்ளை தன் பிளைவுட் கடையில் அரை நூல் கூடக் குறைய இல்லாமல் பலகையை அளந்து அறுத்துக் கொடுக்கிறவர். தான் கேட்டு வாங்கிவைத்த ஒரு விரல் தட்டு அவருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும், அழகுக்காக வைத்தேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வண்டி உட்காருகிறது என்று சொல்லிவிட்டார். மிச்சத்தை நாங்களே இட்டு நிரப்பிக்கொண்டோம். கடைக்காரர் வியாபாரத்துக்காக வாயை மூடிக்கொண்டார். என் பெண் புருஷனுக்காக மூடிக்கொண்டாள். நான் மரியாதை என்று மூடிக்கொண்டேன். எல்லோருமாகச் சேர்ந்து அக்காவின் தலையில் சடை போட்டோம்.

மாப்பிள்ளை இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.

"மாப்பிள்ளை, அத கழட்டச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரைப் பார்த்து நான் சொன்ன முதல் வாக்கியம். அவர் நிமிர்ந்தார். பிறகு, "சரிங்க அத்தை" என்றார்.

ஜாக்கி போடும்போது மட்டும் இறங்கி நின்றேன். உள்ளே ஏசி ரூமுக்குப் போகவில்லை. இரண்டு தட்டையும் கழற்றிக் கீழே போடுவதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்பிரிங்கில் அடைத்திருந்த ரப்பரையும் எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். டிங்கர்க்காரர் மட்கார்டின் உள் விளிம்பைச் சூடுகாட்டி மெல்ல மடக்கித் தட்டினார், ஒரு மயிரிழை இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று. சக்கரத்தை மாட்டியதும் அது உள்ளே போய் நின்றது. அதன் பளபளப்பு ஒன்றும் குறையவில்லை. மாப்பிள்ளை முகம் மட்டும் பூ வாடினமாதிரி ஆகிவிட்டது.

ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை ஜாக்கிரதையாகப் பேசினார்.

"பின்னாடி நல்லா வெயிட் வேணும் சார். நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி பாட்டிம்மா பக்கத்துல உக்காந்துக்குங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. டிங்கர்க்காரர் உட்காரட்டுமே என்று அவர் சொல்லிப் பார்த்தார், அந்த ஆள் ஒல்லி. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். நான் என் பையை எடுத்து நடுவில் வைத்தேன். நான் ஒரு கதவோடு ஒட்டிக்கொண்டேன், அவர் மறு கதவோடு ஒட்டிக்கொண்டார். வண்டி அவர் ஏறினதும்தான் உண்மையாக உட்கார்ந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கம் அடுத்தடுத்து வேகத்தடை இருக்கும். அங்கே கொண்டுபோனார். முதல் தடையில் ஏறி இறங்கியது. இருவரும் மூச்சுவிடாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். சத்தம் இல்லை. இரண்டாவது. இல்லை. கடைக்காரர் வேண்டுமென்றே வேகமாக மூன்றாவதில் ஏற்றினார். டிக்கியில் சாம்பிள் புத்தகங்கள் துள்ளி விழுந்தன, என் தலை கூரையில் இடித்தது. டயர் சத்தமே போடவில்லை.

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"உங்க எடைன்னு நான் சொல்லலிங்க அத்தை."

"வண்டி உக்காருதுன்னு சொன்னீங்களே."

"அது சொன்னேன்."

"ஏன் உக்காருதுன்னு தெரிஞ்சிருந்தும் சொல்லல."

 கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு இன்னும் நிறையக் கேட்க இருந்தது. ஆனால் அந்தத் தொண்ணூறு கிலோ மனுஷர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மேலே வார்த்தை வரவில்லை. கோபம் போகவில்லை, வார்த்தைதான் வரவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்தேன். பேத்தி, "ஆயா, நகந்து உக்காரு" என்றாள். நான் நகரவில்லை.

அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்மண்டையில் முடி எல்லாம் சேர்ந்து நார்க்கட்டு மாதிரி ஆகியிருந்தது. விரலை உள்ளே விட முடியவில்லை. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நுனியிலிருந்து ஆரம்பித்தேன். அவள் தலையைக் கொடுத்தாள். அரைமணி நேரம் கழித்துத்தான் வாய் திறந்தாள்.

"ஒம்போது வாரம்டி."

"சக்கரம் உரசுச்சுக்கா."

"சக்கரம் உரசுச்சாம். வர மனசில்லன்னு சொல்லேன்."

நான் நடந்ததெல்லாம் சொன்னேன். தட்டு, பஃபர், பஸ் படி, மருந்துக்கடை எடை மிஷின், பின்சீட்டில் மாப்பிள்ளை. அவள் நம்பினமாதிரி தெரியவில்லை. மருமகள் காபி கொண்டுவந்தாள். வெட்டிவிடலாம் என்று போனில் சொன்னாயே, உனக்கு எப்படி மனசு வந்தது என்று அவளிடம் கொஞ்சம் காரமாகவே கேட்டேன். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா சொன்னாள்:

"அவள ஏன் வையற. நான்தான் போன் பண்ணச் சொன்னேன். முடிய வெட்டப் போறோம்னு சொன்னாத்தான் நீ வருவ."

"அப்ப வெட்டறதா இல்லயா?"

"வெட்டினா எனக்கு நிம்மதி. தல எரியுது, அரிக்குது. நீ ஞாயித்துக்கெழம வரணுமேன்னுதான்டி வச்சிட்டிருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சீப்பை மடியில் போட்டுவிட்டேன். மாப்பிள்ளைமேல் கோபப்பட்டேன், பெண்மேல் கோபப்பட்டேன், கடைக்காரரைக் கேள்வி கேட்டேன். இவளிடம் என்ன கேட்பது? முடி இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்று இவளுக்கு யார் சொன்னது? ஒன்பது வாரம் நான் வராமல் இருந்தது சொல்லியிருக்கிறது, வேறு யார்.  "கை நின்னுடுச்சே" என்றாள் அக்கா. சீப்பை எடுத்துக்கொண்டேன்.

நுனியில் ஒரு சாண் அளவுக்குப் பிரிக்கவே முடியவில்லை, அதைக் கத்திரியால் வெட்டிப் போட்டேன். மீதியை இழை இழையாகப் பிரித்துக்கொண்டு வந்தேன். பாதி மண்டை முடிந்து அடுத்த பாதிக்கு எண்ணெய் தொட்டபோது வாசலில் ஹாரன் அடித்தது. மணி நாலு. கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தது. பிறகு கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம், வாசற்படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். என் பெண்ணை நடுவில் வைத்துப் பேச அங்கே அவள் இல்லை, அவள் காரிலேயே இருந்தாள்.

"போலாங்களா அத்தை?" என்று என்னையே கேட்டார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றேன்.

 அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்தச் சக்கரக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.